கிட்டங்கி மாடியில் பாடியவர்கள்

போன மாதம் ஒரு காலையில் இரண்டு இளம்பெண்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். இருவரும் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டுகள். மூச்சுத்திணறல் உள்ள நோயாளிகளை வாரம் ஒருமுறை கூட்டிவைத்துச் சேர்ந்து பாடவைக்கப் போகிறார்களாம். "நீங்க அந்தக் காலத்துலயே இங்க இதைச் செஞ்சு பாத்தீங்கன்னு எங்க பெரிய டாக்டர் சொன்னாரு மேடம். பலன் இருந்துச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

டீ போட்டுக் கொண்டுவரும் சாக்கில் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் யோசித்தேன். இருந்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. இல்லை என்றாலும் ஆகாது. அந்தப் பிள்ளைகளிடம் மதியம்வரை பேசினேன். அவர்கள் போனபிறகு, சொல்லாமல் விட்டதே அதிகம் என்று தோன்றியது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் ரஹ்மத். அத்தா இங்கே பீங்கான் சாமான் கடை வைத்திருந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மதுரைக்கு அனுப்பி லேப் டெக்னீசியன் படிக்கவைத்தார். ரத்தம் எடுக்கவும், சளியைக் கண்ணாடியில் பூசிச் சாயமேற்றிப் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். படிப்பைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திய நெஞ்சுநோய் கிளினிக்கில் வேலை கிடைத்தது. வேலையிலிருந்து நிற்கும்வரை தினமும் டவுன் பஸ்ஸில் போய்வந்தேன்.

அங்கே டாக்டர் ருக்மணி இருந்தார். அப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டி வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதிக்காரர், கோயில் காரியங்களில் பரம்பரையாகப் பங்குள்ள வைணவக் குடும்பம். மார்கழி மாதம் முழுக்க விடியலில் பெண்களோடு சேர்ந்து பாடிவிட்டுத்தான் என்னோடு பஸ் ஏறுவார். கிளினிக்குக்குள் நுழைந்துவிட்டால் ஒரு முணுமுணுப்புகூட அவர் வாயிலிருந்து வராது.

நோயாளி வந்து உட்கார்ந்ததும் அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கமாட்டார். பேசவிடுவார். பேச்சுக்கு நடுவில் அவர்கள் மூச்சுக்காக நின்றால், மிச்ச வார்த்தையை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இரக்கப்பட்டு அப்படி எடுத்துக் கொடுத்துவிட்டேன். நோயாளி போனபிறகு, "அவங்க எங்க நிக்கிறாங்கன்னு பாக்கத்தான் நான் காத்திருந்தேன். நீ முந்திக்கிட்டே" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதற்குப்பிறகு என் வாய் முந்தியதே இல்லை.

எங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேர் காசநோயாளிகள். மீதிப்பேர் பஞ்சில் வேலை பார்த்தவர்கள். நூற்பு மில்லில் நூலுக்கு ஆகாமல் விழுகிற கழிவுப் பஞ்சை மொத்தமாக வாங்கி, பிரித்து, அடித்து, சுத்தம் செய்து மெத்தைக்கும் மட்டரக நூலுக்கும் அனுப்புகிற கிட்டங்கிகள் அப்போது இங்கே இருந்தன. கையால் பிரிப்பதெல்லாம் பெண்கள். உள்ளே ஒரு மூலையில் பஞ்சை அடிக்கிற மெஷின் ஓடும். அது ஓடும்போது எதிர்ச்சுவர் தெரியாது. முந்தானையை மூக்கோடு வாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கண் மட்டும் தெரியும், இமை மயிரெல்லாம் வெள்ளையாக.

அந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே புகாரைச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போனால் மத்தியானத்துக்குமேல் நெஞ்சைக் கயிறு போட்டுக் கட்டினமாதிரி இருக்கும். மற்ற நாளில் அவ்வளவு தெரியாது. வருஷங்கள் போகப்போக அது செவ்வாய்க்கும் புதனுக்கும் பரவும். பிறகு எல்லா நாளும் திங்கட்கிழமைதான்.

அதை அளப்பதுதான் என் வேலை. கையில் பிடிக்கிற பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று எங்களிடம் இருந்தது. குழாய் மாதிரி இருக்கும். ஒரு முனையில் அட்டைக் குழல் செருகி, நின்றுகொண்டு, மூச்சை முழுக்க இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே மூச்சில் பலமாக ஊதவேண்டும். பக்கத்தில் உள்ள முள் நகர்ந்துபோய் நிற்கும். மூன்று தடவை ஊதச் சொல்லி, அதில் எது அதிகமோ அதைக் குறிக்கவேண்டும். திங்கட்கிழமை வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வேலை முடிந்து வரும்போது ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைக்கு அவர்கள் கிட்டங்கியில் விட்டுவிட்டு வந்த மூச்சு.

டாக்டர் இதற்கு வைத்திருந்த விதிகள் கறாரானவை. காலையில் முதலில் நான் ஊதவேண்டும். என் அளவு மாறினால் மெஷினில் கோளாறு, அல்லது எனக்குச் சளி. நோயாளியை உற்சாகப்படுத்த "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று நாங்கள் சத்தமாகச் சொல்வோம். அது எல்லோருக்கும் ஒரே வார்த்தை, ஒரே சத்தமாக இருக்கவேண்டும். பிடித்தவருக்கு ஒரு "இன்னும்" கூடச் சொன்னால் முள் கொஞ்சம் கூடிவிடும், அது அவர் நுரையீரல் கொடுத்ததில்லை, நான் கொடுத்தது என்பார்.

பாட்டு எங்கள் வேலைக்குள் வந்தது ஒரு மின்வெட்டு மத்தியானத்தில். ஃபேன் நின்று, நடைகூடத்தில் காத்திருந்த கிட்டங்கிப் பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி மெதுவாக ஒரு நடவுப் பாட்டை எடுத்தாள். மற்றவர்கள் கூடச் சேர்ந்தார்கள். சோழபுரத்துப் பேச்சியம்மாள் முன்பாட்டுக்காரியாகிவிட்டாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், புருஷன் இறந்து போனவள். பேசும்போது நாலு வார்த்தைக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குவாள். அன்றைக்கு அவள் ஒரு முழு வரியை எங்கேயும் உடையாமல் பாடி இறக்கினாள்.

டாக்டர் பேனாவோடு எழுந்துவந்து கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரஹ்மத், அந்தம்மா பேசும்போது எங்க நிக்கிறாங்க?"

"நாலு வார்த்தைக்கு ஒரு தடவை டாக்டர்."

"பாடும்போது?"

"வரி முடிஞ்ச பொறவுதான்."

"ஏன்?"

"தெரியல டாக்டர்."

"எனக்கும் தெரியல. தெரிஞ்சுக்கணும். ஆனா ஒன்னு. எனக்குப் பாட்டுன்னா உசிரு. அதனால இந்த விஷயத்துல என் வார்த்தைய மட்டும் நீ நம்பாத. முள்ளைப் பாத்து எழுது."

டாக்டர் இதை ஓர் ஆராய்ச்சியாகவே செய்ய முடிவு செய்து, மதுரையில் தெரிந்தவர்கள் மூலம் கொஞ்சம் பண உதவி பெற்றார். ராஜபாளையத்தில் அந்தப் பெண்கள் வேலை பார்த்த கிட்டங்கி முதலாளியிடம் போய்ப் பேசினார். அவர் தன்மையான மனுஷன். கிட்டங்கிக்கு மேலே காலியாகக் கிடந்த மாடியைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்ததோடு, பாட வருகிறவர்களுக்கு டீயும் வரும் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலமும் வாரத்தின் நடுவில் ஒரு நாளும் அங்கே பாட்டு. என்ன பாடுவது என்பதை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். சாமிப் பாட்டு, சினிமாப் பாட்டு, கும்மி, ஒப்பாரியில் பாதியைக் கேலிப்பாட்டாக மாற்றியது, எல்லாம் வரும். பேச்சியம்மாள் முன்பாட்டு.

டாக்டருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நாலு பெண்கள் வீட்டு வேலையை விட்டுவிட்டுக் கூடி உட்கார்ந்தாலே மனசு லேசாகிவிடும். அப்படியென்றால் பாட்டால் நடப்பது எது, கூடி உட்கார்ந்ததால் நடப்பது எது? அதைப் பிரிக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு கூட்டம் வைத்தோம். வன்னியம்பட்டிப் பக்கத்திலிருந்து கழிவுப் பஞ்சு வேலைக்கு வருகிற பெண்கள். அவர்களுக்குப் பாட்டு கிடையாது. அதே நேரம், அதே டீ, கையில் வயர்க்கூடை பின்னுகிற வேலை.

சௌக்கியத்தை எப்படி அளப்பது என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "எப்படி இருக்கீங்க?" என்றால் நம் பெண்கள் உயிர் போகிற நேரத்திலும் "நல்லாருக்கேன்" என்பார்கள். டாக்டர் வேறு கேள்விகள் வைத்தார். தண்ணீர்க் குடத்தோடு வரும்போது எந்த இடத்தில் இறக்கி வைக்கிறீர்கள்? தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறீர்களா? மூச்சு வாங்கும்போது செத்துப்போவோம் என்று தோன்றுகிறதா? நேற்று எதற்காவது சிரித்தீர்களா? கடைசிக் கேள்விக்குப் பேச்சியம்மாள், "சிரிச்சதுக்கெல்லாம் யாரு கணக்கு வைப்பா ரமத்தக்கா. இப்பம் நீங்க கேக்கறதப் பாத்துதான் சிரிப்பு வருது" என்றாள். அதையும் அப்படியே எழுதினேன்.

வருஷம் ஒன்று போயிருக்கும். ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போனேன். தெருமுனையிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. நான் உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டது. எல்லோரும் மடியில் பாதி பின்னிய கூடையை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்கள்.

"எம்புட்டு நாளா நடக்கு இது?" என்றேன்.

மூத்தவள் சொன்னாள், "வைகாசியில இருந்துக்கா. பாடக்கூடாதுன்னு நீங்க சொல்லலயே."

சொல்லவில்லைதான். மறுநாள் டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் அவரை அப்படிப் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"நடந்ததை நடந்தபடி எழுது. வைகாசியிலேருந்து அவங்களும் பாடினாங்கன்னு எழுது."

"ஆராய்ச்சி கெட்டுப் போகாதா டாக்டர்?"

"கொஞ்சம் கெட்டுத்தான் போகும். நாம உக்காத்தி வச்ச மாதிரியே உக்காந்திருக்கணும்னா போட்டோதான் எடுக்கணும்."

எங்களுக்குக் கிடைத்தது இதுதான். இரண்டு இடத்துப் பெண்களும் முன்னைவிட நன்றாகத் தூங்கினார்கள். இரண்டு இடத்திலும் சிரிப்பு கூடியிருந்தது. அதில் கூட்டத்துக்கு எவ்வளவு பங்கு, பாட்டுக்கு எவ்வளவு என்று சுத்தமாகப் பிரிக்க முடியவில்லை. ஆனால் மூச்சு வாங்கும்போது வருகிற சாவு பயம், அது முதலிலிருந்து பாடியவர்களிடம்தான் நன்றாகக் குறைந்திருந்தது. குடத்தை இறக்கிவைக்கிற இடமும் அவர்களுக்குத் தள்ளிப்போயிருந்தது. இதை எழுதும்போது எனக்கு மனசு நிறைந்திருந்தது.

மீட்டர் முள் மட்டும் நகரவே இல்லை. பாடியவர்களுக்கும் இல்லை, கூடை பின்னியவர்களுக்கும் இல்லை. திங்கட்கிழமை காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் விழுகிற பள்ளம் அப்படியே இருந்தது.

பேச்சியம்மாளுக்கு அது இன்னும் ஆழமாகிக்கொண்டு வந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. எல்லோரையும்விட அவள்தான் தெம்பாக இருந்தாள். படி ஏறிவந்து நின்றதும் பேசுவாள். முகத்தில் களை வந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மூன்றாவது ஊதலும் முடிந்து முள்ளைப் பார்த்துவிட்டு, "பேச்சியம்மா, கிட்டங்கியில உங்களுக்கு இப்பம் என்ன வேலை?" என்று கேட்டேன்.

"மெஷினுக்கு மாறிட்டேன்க்கா. கூலி கூடல்லா. முன்ன மாதிரி எனக்கு இப்பம் இளைப்பு இல்ல. பாட்டுல எல்லாம் சரியாயிருச்சு."

டாக்டரிடம் சொன்னேன். அன்றைக்குப் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "பயம் வலி மாதிரிதான் ரஹ்மத். அது இருந்தவரைக்கும் அவளை மெஷின் பக்கம் போகவிடல. நாம அதை எடுத்துட்டோம்" என்றார்.

அவளைக் கூப்பிட்டு மெஷினை விட்டு விலகச் சொன்னார், அளவைப் பற்றிப் பேசவில்லை. பேச்சியம்மாள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "சரிங்கம்மா" என்றாள். மறுநாளும் மெஷினுக்கே போனாள்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலை ஆய்வாளர் கிட்டங்கிக்கு வந்து, மெஷினுக்குத் தூசி இழுக்கிற குழாயும் காற்றாடியும் வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். முதலாளி கிளினிக்குக்கு வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார்.

"டாக்டரம்மா, பாட்டு ஆரம்பிச்ச பொறவு எங்க பொம்பளைக எப்படித் தேறிட்டாகன்னு நீங்களே பாத்திருக்கீக. ஆபீசர் திரும்ப வரும்போது மாடிக்குக் கூட்டிட்டு வாரேன். அவர்ட்ட ஒரு வார்த்தை சொன்னீகன்னாப் போதும்."

"என்ன சொல்லணும்?"

"இருமல் கொறைஞ்சிருச்சுன்னு."

"இருமல் கொறையல. இருமினா பயப்படுறது கொறைஞ்சிருக்கு."

"ரெண்டும் ஒன்னுதானம்மா."

"நமக்கு ஒன்னா தெரியுது. அவங்க நெஞ்சுக்கு ரெண்டும் வேற."

அவர் கோபப்படவில்லை. "காத்தாடி வைக்கமாட்டேன்னு நான் சொல்லல. இந்த வருசம் முடியாதுன்னுதான் சொல்லுதேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். டாக்டர் ஏதாவது நல்லதாகச் சொல்வார் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்திருக்கவேண்டும். ஒரு சனிக்கிழமை நாங்கள் மாடி ஏறியபோது ஆய்வாளரையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். நாற்காலிகள் போட்டிருந்தன. கீழே பார்த்துவிட்டு வந்த ஆய்வாளர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். விருந்தாளி வந்திருக்கிறார் என்பதால் அன்றைக்குப் பேச்சியம்மாள் கையைத் தட்டி வேகமான பாட்டாக எடுத்திருந்தாள். ஆய்வாளரின் கால் தானாகத் தாளம் போட்டது. பாட்டு முடிந்ததும் முதலாளி எழுந்து, "எல்லாரும் நம்ம கிட்டங்கி ஆளுக சார். மூச்சுக் கோளாறு இப்பம் எப்படி இருக்குன்னு டாக்டரம்மாவே சொல்வாங்க" என்றார்.

டாக்டர் எழுந்தார். நோயாளியிடம் பேசுகிற அதே குரல்.

"பாட்டு இவங்களுக்கு நல்லது செஞ்சிருக்கு. தூங்கறாங்க. சிரிக்கறாங்க. மூச்சு வாங்கினா பதறாம இருக்கறாங்க. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா நெஞ்சு தேறல. மெஷின்ல நிக்கறவங்களுக்கு இன்னும் மோசமாகியிருக்கு. கீழ இருக்கற தூசிய வெளிய இழுக்க வழி பண்ணாம இந்த மாடியில எவ்வளவு பாடினாலும் அது மாறாது."

நான் பெண்களைப் பார்த்தேன். அடுத்த பாட்டுக்குத் தட்டுவதற்காகத் தூக்கிய பேச்சியம்மாளின் கைகள் சேராமல் அப்படியே நின்றன. ஒருத்தி இன்னொருத்தியின் முகத்தைப் பார்த்தாள். அவர்கள் இதை முதல்முறையாகக் கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குழாய் வைக்கும்வரை மெஷின் ஓடக்கூடாது என்று உத்தரவு வந்தது. மெஷின் நின்றதும் அதில் வேலை பார்த்தவர்களுக்கு வேலை இல்லை. மாடிக்குப் பூட்டு விழுந்தது. ஒரு திங்கட்கிழமை கிளினிக்கில் மீட்டரோடு காத்திருந்தேன், பாட்டுக்காரப் பெண்களில் ஒருவர்கூட வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் அப்படியே. சந்தையில் ஒருத்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காதமாதிரி திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் என்னிடம், "பேச்சியம்மாள் வீடு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். மறுநாள் காலையில் இருவரும் சோழபுரத்துக்குப் பஸ் ஏறினோம்.

பேச்சியம்மாள் வீட்டு முன்னால் வேப்ப நிழலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களைக் கண்டு எழுந்தாள். நார்க்கட்டிலை இழுத்துப் போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "வாங்க" என்று மட்டும் சொல்லவில்லை.

"ஏன் வரல?" என்றார் டாக்டர்.

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே பேசினாள். இடையிடையே நின்று மூச்சு வாங்கினாள். நாங்கள் காத்திருந்தோம்.

"பாடச் சொன்னீக, பாடுனோம். ஊதச் சொன்னீக, ஊதுனோம். சிரிச்சியான்னு கேட்டீக, அதுக்கும் பதில் சொன்னோம். என்ன கண்டுபிடிச்சீகன்னு எங்ககிட்ட ஒரு நாளு சொன்னீகளாம்மா? மொதலாளிட்ட சொன்னீக. ஆபீசர்ட்ட சொன்னீக. எங்க நெஞ்சுல என்ன இருக்குன்னு நாங்க வேத்தாள் வாயால கேக்கற மாதிரி, பாட்டுக்கு நடுவுல, எல்லார் முன்னாலயும் கேட்டோம். அதுக்குப் பொறவு வேலையும் இல்ல."

டாக்டர் சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு, "உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னோடதுதான்" என்றார். "இப்ப சொல்லட்டுமா? மத்தவங்களையும் கூப்பிடுவீங்களா?"

பேச்சியம்மாள் கீரையை ஒதுக்கி வைத்தாள். பிறகு எழுந்துபோய்ப் பக்கத்து வீடுகளில் கூப்பிட்டாள். அந்த ஊரிலிருந்து பாட வந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

டாக்டரும் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டார். பஞ்சு வேலைக்கே போகாத, அவர்கள் வயதுப் பெண் ஊதினால் முள் எங்கே நிற்கும் என்று ஒரு கோடு. அவர்கள் ஊதினால் எங்கே நிற்கிறது என்று அதற்குக் கீழே ஒரு கோடு. பாடத் தொடங்கியபோது அது இருந்த இடம், இப்போது இருக்கிற இடம். நான் பக்கத்தில் இருந்து அவரவர் அளவைச் சொன்னேன். இத்தனை காலம் ஊதியவர்கள் தங்கள் ஊதலைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்பம் எனக்கு நல்லாருந்ததெல்லாம் பொய்யாம்மா?" என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

"பொய் இல்ல. முன்னால மூச்சு வாங்கினா நீங்க பதறிப்போய் அவசர அவசரமா உள்ள இழுப்பீங்க. இழுக்க இழுக்க இன்னும் அடைக்கும். பாடப் பாட, மூச்சை நிதானமா வெளிய விடப் பழகிட்டீங்க. இருக்கற மூச்சை வச்சு நல்லா வாழத் தெரிஞ்சிருக்கு. அது பாட்டு குடுத்தது. போன மூச்சை அது திருப்பிக் குடுக்காது. இனி போறதையும் தடுக்காது."

"அப்பம் நான் என்ன செய்யட்டும்?"

"மெஷினை விட்டுடுங்க."

"விட்டுட்டு?"

டாக்டர் குச்சியைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியல பேச்சியம்மா" என்றார்.

ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட எனக்கு வாய் துறுதுறுத்தது. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். பேச்சியம்மாள் சொன்னாள், "தெரியலன்னு சொன்னீகள்லா. அதுபோதும்." உள்ளே போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள்.

கிட்டங்கியில் குழாயும் காற்றாடியும் வர மாசங்கள் ஆயின. வந்தபிறகு எதிர்ச்சுவர் தெரிந்தது. முழுக்க இல்லை, தெரிந்தது. பல பெண்கள் திரும்ப வேலைக்குப் போனார்கள், அவர்களுக்குத் திங்கட்கிழமைப் பள்ளம் கொஞ்சம் குறைந்ததை நானே அளந்தேன். முதலாளி எங்களிடம் பழையபடி பேசவில்லை, ஆனால் வழியில் கண்டால் டாக்டருக்கு வணக்கம் சொல்லத் தவறியதும் இல்லை. பேச்சியம்மாள் திரும்பப் போகவில்லை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கூடை வைத்துக் கொய்யாவும், சீசனில் மாம்பழமும் விற்றாள். அதில் வந்தது கிட்டங்கிக் கூலிக்குக் குறைவுதான். மாத்திரைக்கும் மருந்துக்கும் ஒழுங்காக வந்தாள்.

பூட்டிய மாடி திறக்கவே இல்லை. பெண்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. சோழபுரத்தில் ஊர் மடத்தைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமை சாயங்காலம் அவர்களாகவே கூடினார்கள். யாரும் அளக்கவில்லை, கேள்வி கேட்கவில்லை.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதி மதுரையில் ஒரு டாக்டர்கள் கூட்டத்தில் வாசித்தார். நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாசித்து முடித்ததும் ஒருவர் எழுந்து, "அப்ப இந்தச் சிகிச்சை தோல்விதானே?" என்றார். "நுரையீரலுக்குச் சிகிச்சைன்னு நெனச்சா தோல்வி. நுரையீரலோட வாழறதுக்கு உதவின்னு நெனச்சா இல்ல. ஒன்னை இன்னொன்னுன்னு சொல்லி வித்தா ஆபத்து" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் பெரிதாக இல்லை.

என்னைத் தேடிவந்த பிள்ளைகளிடம் இதைத்தான் சொன்னேன். பாடவையுங்கள், தயங்க வேண்டாம். சந்தோஷத்தைத் தனியாக எழுதுங்கள், மூச்சைத் தனியாக எழுதுங்கள், ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றாதீர்கள். தெம்பாக இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் சந்தோஷப்படுங்கள், அன்றைக்கு அவரைக் கொஞ்சம் கூடுதலாகவே சோதியுங்கள். எது தெரிந்தாலும் முதலில் ஊதினவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள்.

இந்தக் கடைசிச் சம்பவத்தை அவர்களிடம் சொல்ல நேரமில்லை. பஸ்ஸுக்கு அவசரப்பட்டார்கள்.

தொண்ணூறுகள் பிறந்த பிறகு, ஒரு சாதாரண வியாழக்கிழமை. பேச்சியம்மாள் கிளினிக்குக்கு வந்தாள். அன்று அவளுக்கு மருந்து வாங்கும் நாள் இல்லை. கூட ஒரு பெண் வந்திருந்தாள், அம்மாவைவிட உயரம், இரட்டைச் சடை.

"எம்மவ செல்விம்மா. பன்னெண்டாவது முடிச்சிட்டா" என்று டாக்டரிடம் சொன்னாள். "இவ எம்புட்டு ஊதுதான்னு பாக்கணும்."

"ஏன், இருமலா?"

"ஒன்னும் இல்ல. நல்லாத்தான் இருக்கா. நல்லாருக்கும்போதே பாத்து வச்சிக்கிடணும்னு கூட்டியாந்தேன்."

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். புது அட்டைக் குழலைச் செருகி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். எப்படி ஊதவேண்டும் என்று நான் சொல்லத் தொடங்குமுன் பேச்சியம்மாளே சொன்னாள். "ஏட்டி, நிமிந்து நில்லு. மூச்ச முழுக்க இழு. ஒதட்ட இறுக்கிக்கிடு. ம், ஊது."

நான் எல்லோருக்கும் சொல்கிற வார்த்தைகளை எல்லோருக்கும் சொல்கிற சத்தத்தில் சொன்னேன். செல்வி ஊதினாள். கிட்டங்கிப் பெண்கள் யாருக்கும் போகாத இடத்துக்கு முள் ஓடிப்போய் நின்றது. மூன்று தடவையும் அப்படியே. பேச்சியம்மாள் குனிந்து, முள் நின்ற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கிட்டங்கியில இருந்து ஆள் வந்து கேட்டாக. காத்தாடியெல்லாம் வச்சாச்சு, மவள அனுப்புன்னாக. மாட்டேன்னுட்டேன். தளவாய்புரத்துல நைட்டி தைக்கற எடத்துல சேத்துவிடப் போறேன்."

"பாடுவாளா?" என்று டாக்டர் கேட்டார்.

"இப்பம் சனிக்கிழமையில முன்பாட்டே இவதான். எனக்கு இழுக்க முடியல" என்றாள் பேச்சியம்மாள். முள்ளிலிருந்து கையை எடுக்கவில்லை. "பாட்டுக்கு வருவா. பஞ்சுக்கு வரமாட்டா."